பள்ளிக்கூடத்துக்குப் பளபளப்பு டைல்ஸ் சரிப்பட்டு வருமா? சேலம், நாமக்கல் வகுப்பறைகளுக்கு ஏற்ற தரை எது?

மே மாதம் வந்தால் முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குரூப்கள் சூடு பிடித்துவிடும். ‘நம்ம ஸ்கூலுக்கு ஏதாவது பண்ணணும்ப்பா’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். பெங்களூரில் இருப்பவர் பத்தாயிரம், சிங்கப்பூரில் இருப்பவர் ஐம்பதாயிரம் என்று பணம் சேரும். பெயின்ட், ஃபேன், ஸ்மார்ட் போர்டு என்று பேச்சு சுற்றி, பெரும்பாலும் வந்து நிற்பது டைல்ஸில்தான். யாரோ ஒருவர் கடையிலிருந்து நாலு போட்டோ அனுப்புவார். அதிக ‘தம்ஸ் அப்’ வாங்கிய டைல்ஸ் ஜூன் மாதத்துக்குள் வகுப்பறைக்கு வந்துவிடும்.

பெரும்பாலும் அது இரண்டுக்கு இரண்டு அடி அளவுள்ள, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ். வீட்டு ஹாலுக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதே டைல்ஸை வகுப்பறை, வராண்டா, படிக்கட்டு, கழிப்பறை என்று எல்லா இடத்திலும் ஒட்டினால் என்ன ஆகும்? முதல் மழையில் தெரிந்துவிடும்.

பள்ளி, கல்லூரிக் கட்டடங்களில் தரையை மாற்றுவது இருபது, முப்பது வருடங்களுக்கு ஒருமுறை நடக்கும் வேலை. தப்பாகப் போட்டால், அந்தத் தப்பின் மேல் ஒரு தலைமுறையே நடக்க வேண்டியிருக்கும். எந்த இடத்துக்கு எந்தத் தரை, ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அரசுப் பள்ளிக் கட்டடங்களைச் சீரமைக்க இப்போது பல வழிகள் இருக்கின்றன. 2022-23 தமிழ்நாடு பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்பது அப்போது சொல்லப்பட்ட இலக்கு. அதே 2022-ம் ஆண்டு டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் விரும்பும் பள்ளிக்கு நேரடியாக உதவலாம் என்பதே இதன் அடிப்படை.

இதுதவிர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் மானியம் உண்டு. மாணவர் எண்ணிக்கை 30 வரை என்றால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் என்பது அதன் வரையறை. சாக்பீஸ் முதல் சுத்தம் வரை எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும். அதனால் ஒரு சின்ன தொடக்கப் பள்ளி தன் மானியத்தில் தரையை மாற்றுவது நடக்காத காரியம். தரைக்கான பணம் எப்போதோ ஒருமுறைதான் வரும். அந்த ஒரு வாய்ப்பை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இங்கே தரைதான் பெஞ்ச், தரைதான் டைனிங் டேபிள்

வெளிநாட்டுப் பள்ளிகளுக்கான தரைப் பரிந்துரைகளை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. காரணம், தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் தரை பயன்படும் விதமே வேறு.

2007-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் முறையிலேயே சின்ன வகுப்புக் குழந்தைகள் பாயில், வட்டமாக, தரையில் உட்கார்ந்து படித்தார்கள். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் குழுவாக உட்கார்ந்து, அட்டைகளைத் தரையில் பரப்பிப் படிக்கும் செயல்பாடுகள் நிறைய. மதிய உணவை வராண்டாவில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது பல பத்தாண்டு வழக்கம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான பிறகு, காலையிலும் அதே வராண்டாவில் உப்புமாவும் சாம்பாரும் பரிமாறப்படுகின்றன.

இன்னொன்று, செருப்பு. விலையில்லாக் காலணி கொடுத்தாலும், பல பள்ளிகளில் அதை வகுப்பறை வாசலிலேயே கழற்றி விட்டுவிடுவார்கள். ஆக, ஆறு வயதுக் குழந்தை வெறும் காலோடு நடந்து, உட்கார்ந்து, எழுதி, சாப்பிட்டு, சாம்பார் சிந்தி, அதன் மேலேயே ஓடும் இடம் இந்தத் தரை. மார்கழிக் காலையில் சில்லிடக் கூடாது, ஏப்ரலில் சுடக் கூடாது, முட்டியைக் கிழிக்கக் கூடாது, ஈரத்தில் வழுக்கக் கூடாது. ஷோரூமில் டைல்ஸ் பார்க்கும்போது இந்த நாலும் யார் நினைவுக்கும் வருவதில்லை.

வழுக்குவது எதனால்?

காய்ந்திருக்கும்போது பளபளப்பு டைல்ஸும் பெரிதாக வழுக்காது. தண்ணீர்தான் ஆட்டத்தை மாற்றுகிறது. காலுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய நீர்ப் படலம் உருவாகும். தரையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள் இருந்தால், அவை அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தைப் பிடிக்கும். மெருகேற்றப்பட்ட தரையில் அந்த மேடுகள் கிடையாது. கால் தண்ணீரின் மேல் மிதக்கும், பிறகு விழ வேண்டியதுதான். எண்ணெயும் சோப்பும் கலந்தால் கேட்கவே வேண்டாம்.

இதை அளக்க உலக அளவில் முறைகள் இருக்கின்றன. ஒன்று பெண்டுலம் சோதனை. ரப்பர் பட்டை பொருத்திய ஊசல் ஈரத் தரையை உரசிச் செல்லும். கிடைக்கும் எண் 24 அல்லது அதற்குக் கீழே என்றால் வழுக்கும் ஆபத்து அதிகம், 25 முதல் 35 வரை நடுத்தரம், 36-க்கு மேல் என்றால் ஆபத்து குறைவு.

டைல்ஸ் பெட்டிகளிலும் கேட்லாக்கிலும் அடிக்கடி பார்க்கும் ஆர்9, ஆர்10, ஆர்11 என்ற குறியீடுகள் ஜெர்மன் தரநிலையிலிருந்து வந்தவை. ஆர்9 குறைந்த பிடிப்பு, ஆர்13 அதிகப் பிடிப்பு. ஆனால் இது ஷூ போட்டவர் எண்ணெய் தடவிய சரிவில் நடந்து பார்க்கும் சோதனை. வெறுங்காலுக்கென்று அதே ஜெர்மனியில் தனிச் சோதனை உண்டு. சோப்புத் தண்ணீர் ஓடும் சரிவில் வெறுங்காலோடு நடக்க வைத்து ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரிப்பார்கள். ஏ-க்குக் குறைந்தது 12 டிகிரி, பி-க்கு 18, சி-க்கு 24 டிகிரி சரிவு வரை வழுக்காமல் நிற்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு இந்த இரண்டாவது அளவுகோல்தான் பொருத்தம்.

கேட்லாக்கில் ‘ஆன்டி-ஸ்கிட்’ என்ற வார்த்தை மட்டும் இருந்தால் போதாது. எந்தச் சோதனை, என்ன மதிப்பு என்று கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் எளிய வழி ஒன்று உண்டு. சாம்பிள் டைல்ஸ் நாலை வாங்கி, தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு பெரியவர் ஒருவர் வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். ஆய்வகச் சோதனைக்கு இது ஈடாகாது. ஆனால் போட்டோ பார்த்து முடிவெடுப்பதைவிட எவ்வளவோ மேல்.

உப்புத் தண்ணியும் ஆசிட் பாட்டிலும்

சேலம், நாமக்கல் சமவெளியில் பல பள்ளிகள் போர் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அது பெரும்பாலும் கடினத் தண்ணீர். துடைத்த தரை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கறை படியும். கழிப்பறையில் இது இன்னும் மோசம். அந்தக் கறையைப் போக்க எல்லோரும் தேடுவது ஆசிட்டைத்தான். தரையின் ஆயுள் குறைவது அங்கேதான்.

கழிப்பறை ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சுண்ணாம்புச் சத்துள்ள எதையும் அது கரைக்கும். மொசைக் தரையில் இருக்கும் மார்பிள் சில்லுகளும் அவற்றைப் பிடித்திருக்கும் சிமென்டும் சுண்ணாம்புச் சத்துதான். கடப்பா கல், கோட்டா கல் இரண்டும் சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டதும் நுரைத்துப் பொங்குவது சுத்தமாகும் அறிகுறி அல்ல, கல்லே கரைந்துகொண்டிருக்கிறது. சில மாதங்களில் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அழுக்கு இன்னும் அதிகமாக ஒட்டும். அதைப் போக்க இன்னும் கொஞ்சம் ஆசிட் வரும்.

கிரானைட்டையும் நன்கு சுட்ட டைல்ஸையும் இந்த ஆசிட் எளிதில் அசைக்காது. ஆனால் டைல்ஸ்களுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் ஜாயின்ட் கரையும். அதன் வழியே தண்ணீர் கீழே இறங்கும். ‘டைல்ஸ் போட்டும் ஏன் நாத்தம் அடிக்குது’ என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் இந்த ஜாயின்ட்டில்தான் இருக்கிறது. கழிப்பறையில் மட்டுமாவது எபாக்ஸி ஜாயின்ட் ஃபில்லர் போடச் சொல்வது இதனால்தான். சிமென்ட் ஃபில்லரைவிட விலை அதிகம், ஆனால் ஆசிட்டைத் தாங்கும்.

முக்கியமான எச்சரிக்கை: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டக் கூடாது. குளோரின் வாயு வெளியேறும். மூடிய கழிப்பறையில் அது சுத்தம் செய்பவரின் உயிருக்கே ஆபத்து.

பழைய மொசைக்கை உடைக்கணுமா?

பெரும்பாலும் வேண்டாம்.

எழுபது, எண்பதுகளில் கட்டிய பள்ளி, கல்லூரிகளில் மொசைக் தரை நிறைய உண்டு. மங்கிப் போய், கறை படிந்து கிடப்பதால் ‘இது தேறாது’ என்று தோன்றும. ஆனால் மொசைக் என்பது மேலே பூசிய நிறம் அல்ல, சில்லும் சிமென்டும் சேர்ந்த கனமான அடுக்கு. மெஷின் வைத்து ஒரு சுற்று தேய்த்தால் கீழே புது முகம் வரும். முதலில் சொரசொரப்பான கல், பிறகு நடுத்தரம், கடைசியில் நைஸ் கல் என்று படிப்படியாகத் தேய்த்து, நடுவில் பொத்தல்களை நிறச் சிமென்ட் வைத்து அடைப்பார்கள். கண்ணாடி மாதிரி மெருகேற்றாமல், நைஸ் கல் கட்டத்தோடு நிறுத்தச் சொன்னால் பிடிப்பும் இருக்கும். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூள் நுரையீரலுக்குக் கேடு, அதனால் குழந்தைகள் இருக்கும் நாட்களில் இந்த வேலையே கூடாது.

சிவப்பு ரெட் ஆக்சைடு தரைக்கும் இதே கதைதான். வெறுங்காலுக்கு இதமான தரை, தேயத் தேய மெருகு கூடும். விரிசல் விடுவது இதன் குறை. ஒட்டுப்போட்டால் நிறம் ஒத்து வராது. புதிதாகப் போட வேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்த மேஸ்திரி கிடைக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உடைக்காமல், பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டலாமே என்று கேட்கலாம். இங்கே எடைக் கணக்கு முக்கியம். 20-க்கு 20 அடி வகுப்பறை என்றால் 400 சதுர அடி, அதாவது சுமார் 37 சதுர மீட்டர். 4 செ.மீ. கலவை போட்டு அதன் மேல் டைல்ஸ் பதித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ ஏறும். ஒரு அறைக்கு மூன்றரை டன்னுக்கு மேல். வகுப்பறைத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ ஆள், பொருள் சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலைக் கணக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கை நிரந்தரமாகத் தரைக்கே கொடுத்துவிடுகிறோம் என்று அர்த்தம். தரைத்தளத்தில் பரவாயில்லை. வயதான கட்டடத்தின் முதல் மாடியில் இது விளையாட்டு இல்லை. டைல்ஸ் பசை வைத்து மெல்லிய டைல்ஸ் ஒட்டினால் சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோவில் முடித்துவிடலாம்.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன. கூரையில் காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தெரியும் அறைக்கு டைல்ஸ் போடுவது, காய்ச்சல்காரருக்குப் பட்டு வேட்டி கட்டிவிடுவது போல. கட்டடத்தைப் பொறியாளர் பார்த்துச் சான்று கொடுத்த பிறகே தரையைப் பற்றிப் பேச வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். தரை உயர்ந்தால் கதவின் அடியை அறுக்க வேண்டும். படிக்கட்டின் முதல் படியும் கடைசிப் படியும் மற்ற படிகளோடு உயரத்தில் ஒத்துப்போகாது. ஒரே சீராக இறங்கும் காலுக்கு அந்த இரண்டு செ.மீ. வித்தியாசம் போதும், தடுக்கி விழ.

எந்த இடத்துக்கு எது?

*சின்ன வகுப்புகள்:* நல்ல நிலையில் இருந்தால் பழைய மொசைக், ரெட் ஆக்சைடு, சிமென்ட் தரையையே சரிசெய்யலாம். புதிது என்றால் மேட் ஃபினிஷ் டைல்ஸ். ரொம்பக் கரடான பார்க்கிங் டைல்ஸ் வேண்டாம், முட்டி தேயும், அழுக்கும் போகாது. வெளிர் நிறம் நல்லது, ஆனால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கண் கூசும் மினுமினுப்பு கூடாது.

*பெரிய வகுப்புகள், கல்லூரி வகுப்பறைகள்:* இங்கே பெஞ்சும் நாற்காலியும் நாள் முழுக்க இழுபடும். மேல்பூச்சு மட்டுமே உள்ள செராமிக் டைல்ஸ் சீக்கிரம் தேய்ந்து உள்நிறம் தெரியும். தேய்மானத்துக்கான பி.இ.ஐ. தரவரிசையில் 4 அல்லது 5 இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உடல் முழுக்க ஒரே நிறமாக இருக்கும் ஃபுல் பாடி விட்ரிஃபைட் என்றால் தேய்ந்தாலும் தெரியாது.

*வராண்டா:* சேலம் பகுதியில் கோடை இடிமழை, தென்மேற்கு, வடகிழக்கு என்று மூன்று காலத்திலும் சாரல் அடிக்கும். அங்கேதான் குழந்தைகள் சாப்பிடவும் செய்கிறார்கள். சொரசொரப்பான மேட் டைல்ஸ் அல்லது மெருகேற்றாத கல். மீட்டருக்கு ஒரு செ.மீ. அளவில் வெளிப்பக்கம் வாட்டம் இருந்தாக வேண்டும். வாட்டம் இல்லாமல் எந்தத் தரை போட்டாலும் தண்ணீர் தேங்கும்.

*படிக்கட்டு, சாய்தளம்:* பாலிஷ் கிரானைட் கூடவே கூடாது. தீ வைத்துச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம் ஃபினிஷ் கிரானைட் சரியான தேர்வு. படியின் விளிம்பில் வேறு நிறப் பட்டை இருந்தால் பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்று தெரியும். பள்ளிப் படியின் உயரம் 15 செ.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. சக்கர நாற்காலிச் சாய்தளம் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும். தரை பிடிக்காவிட்டால் அந்தச் சரிவே ஆபத்தாகிவிடும்.

*வழிகாட்டும் டைல்ஸ்:* பேருந்து நிலையங்களில் பார்க்கும் மஞ்சள் புள்ளி, கோடு டைல்ஸ் வெறும் டிசைன் இல்லை. கோடு என்றால் போகலாம், புள்ளி என்றால் நில், கவனி. 1967-ல் ஜப்பானின் ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலில் பதிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் செய்இச்சி மியாகே. இங்கே 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு பொதுக் கட்டடங்களில் இது பரவலாகிறது. கோட்டுப் பாதையை நேராகத் தூணில் கொண்டுபோய் முடித்தால் யாருக்கும் பயனில்லை.

*கழிப்பறை, விடுதிக் குளியலறை:* ஒரு அடிக்கு ஒரு அடி அல்லது அதைவிடச் சின்ன மேட் டைல்ஸ். சின்ன டைல்ஸ் என்றால் ஜாயின்ட் அதிகம், பிடிப்பும் அதிகம், வாட்டம் கொடுப்பதும் எளிது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதியோடு கூடிய பள்ளி, கல்லூரிகள் அதிகம். விடியற்காலை ஒரே நேரத்தில் நூறு பேர் சோப்பு போட்டுக் குளிக்கும் இடத்தில் அழகைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

*வேதியியல் ஆய்வகம்:* கடப்பா, மொசைக் இரண்டும் வேண்டாம். ஆசிட் தாங்கும் டைல்ஸுக்கென்றே ஐ.எஸ். 4457 என்ற தனித் தரநிலை இருக்கிறது. கிரானைட்டும் ஏற்றது.

*நூலகம், கம்ப்யூட்டர் லேப்:* இங்கே வினைல் ஷீட் நல்ல தேர்வாக இருக்கலாம். நடந்தால் சத்தம் வராது. ஆனால் தரைத்தளத்தில் கீழிருந்து ஈரம் ஏறினால் பசை விட்டுப்போய் உப்பும். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளின் நாலு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் வினைல் வேண்டாம். தீப்பிடித்தால் எப்படி எரியும் என்ற சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலத்தில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது.

*சத்தம்:* வகுப்பறைக்குள் எதிரொலி அடங்க 0.6 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டைல்ஸ் தரை, சிமென்ட் சுவர், கான்கிரீட் கூரை மூன்றும் சேர்ந்தால் ஆசிரியர் குரல் கரைந்துவிடும். தரையை மாற்ற முடியாவிட்டால், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள். செலவு சொற்பம், பலன் உடனடி.

*உள்விளையாட்டு அரங்கம்:* டைல்ஸ் மேல் குதித்து விளையாடினால் முட்டி போய்விடும். மரத் தரை, பி.யு. தரை போன்றவை அதிர்ச்சியை உறிஞ்சும். ஐரோப்பியத் தரநிலைப்படி குறைந்தது 25 சதவீத அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர் கல் இருக்கே!

டைல்ஸ் என்றால் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரி ஏறி வர வேண்டும். கிரானைட்டோ சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்திலேயே வெட்டி, அறுத்து, மெருகேற்றப்படுகிறது. வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கும் கல், இங்கே பக்கத்து ஊர். ஏற்றுமதி அளவுக்கு வராத சின்னத் துண்டுகளையும் படி, வாசல், வராண்டா ஓரம், சாப்பாட்டுத் திண்ணை என்று பயன்படுத்தலாம். மெருகேற்றும் செலவும் இல்லை, ஏனென்றால் பள்ளிக்குத் தேவை மெருகேற்றாத கல்தான்.

சேலத்துக்கென்று இன்னொரு தரைக் கதையும் உண்டு. நகரின் வடக்கே வெள்ளை வெளேரென்று தெரியும் சுண்ணாம்புக் கரடில் உண்மையில் இருப்பது சுண்ணாம்பு அல்ல, மேக்னசைட். தமிழ்நாடு அரசின் டான்மேக் நிறுவனம் 1979 முதல் இதற்காகவே இயங்குகிறது. உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு இது முக்கியப் பொருள். அதே மேக்னசைட்டை மிதமாகச் சுட்டு, மெக்னீசியம் குளோரைடு கரைசலோடு கலந்தால் ஒரு சிமென்ட் கிடைக்கும். பிரான்ஸின் ஸோரெல் 1867-ல் கண்டுபிடித்தது. இதோடு மரத்தூள் சேர்த்து ஐரோப்பாவில் இணைப்பே இல்லாத, காலுக்குக் குளிராத தரைகளைப் போட்டார்கள். இந்தியத் தரநிலைத் தொகுப்பிலும் இதற்குத் தனி விதிமுறை இருக்கிறது.

அப்படியானால் சேலத்துப் பள்ளிகளுக்கு இதையே போடலாமா? முடியாது. தொடர்ந்து தண்ணீர் பட்டால் இந்தத் தரை பலமிழக்கும், அதிலுள்ள குளோரைடு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தினமும் பக்கெட் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் பள்ளிக்கு இது ஒத்து வராது. சொந்த ஊர்ப் பொருளாகவே இருந்தாலும், பயன்படும் இடத்தைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டைல்ஸ் ஏன் வெடித்துத் தூக்குகிறது?

திடீரென்று ‘டமார்’ என்று சத்தம், பார்த்தால் நாலு டைல்ஸ் கூடாரம் மாதிரி தூக்கி நிற்கும். பேய் வேலை எதுவும் இல்லை. விட்ரிஃபைட் டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீர் உறிஞ்சும். அதனால் வழக்கமான சிமென்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்கென்று உள்ள டைல்ஸ் பசையைத்தான் பயன்படுத்த வேண்டும். இதன் தரநிலை ஐ.எஸ். 15477.

இடைவெளியே இல்லாமல் ஒட்டி ஒட்டிப் பதிப்பது இன்னொரு காரணம். வெயிலில் விரியும் டைல்ஸுக்குப் போக்கிடம் இல்லாமல் மேலே எழும்பும். ஸ்பேசர் வைத்து 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விட வேண்டும். பெரிய ஹாலில் 20 முதல் 25 அடிக்கு ஒருமுறையும், வெயில் படும் வராண்டாவில் 8 முதல் 12 அடிக்கு ஒருமுறையும் அசைவுக்கான இணைப்பு தேவை. அங்கே சிமென்ட் கூடாது, நெகிழும் சீலன்ட் போட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் பிடிப்பு இல்லை. பில் தொகையைக் கொடுப்பதற்கு முன்பே அதை மாற்றச் சொல்லிவிட வேண்டும்.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை

• கட்டடம் உறுதியானது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா?

• இப்போதுள்ள தரையைத் தேய்த்துச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தாகிவிட்டதா?

• வகுப்பறை, வராண்டா, படி, கழிப்பறைக்குத் தனித்தனியாகத் தரை தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா?

• ஈரத்தில் வழுக்காத அளவு எவ்வளவு? எந்தச் சோதனைப்படி?

• பெட்டியில் ஐ.எஸ். 15622 என்ற தரநிலை எண் இருக்கிறதா?

• கூடுதல் டைல்ஸ் வாங்கப்படுகிறதா? 400 சதுர அடி அறைக்கு இரண்டடி டைல்ஸ் 100 தேவை. வெட்டுச் சேதத்துக்கு 5 முதல் 10 சேர்க்க வேண்டும். பின்னாளில் உடைந்தால் மாற்ற ஒரு பெட்டியைப் பள்ளியிலேயே வைக்க வேண்டும். அதே நிறம் மறுபடி கிடைக்காது.

• தினமும் இதை யார், எந்தத் தண்ணீரில், எதை வைத்துத் துடைக்கப் போகிறார்கள்?

கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் இருக்காது. அதற்கு பதில் சொல்லக்கூடியவர் அந்தப் பள்ளியின் தூய்மைப் பணியாளர். டைல்ஸ் தேர்வு செய்யும் போட்டோவை அவரிடமும் ஒருமுறை காட்டலாம்.

அரசுப் பள்ளி என்றால் முன்னாள் மாணவர்கள் மட்டும் முடிவெடுத்துவிட முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுவில் பேசி, தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் வழியாகப் போவதே சரியான பாதை. மார்ச் மாதத்திலேயே பேச ஆரம்பித்தால்தான் மே விடுமுறையில் வேலையை முடிக்கலாம். சிமென்ட் தரை என்றால் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் கட்டி ஈரமாக வைத்திருக்க வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள். பட்ஜெட் பத்தவில்லையா? எல்லா வகுப்பறைக்கும் பளபளப்பு டைல்ஸ் என்ற திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் கழிப்பறை, படிக்கட்டு, சாப்பிடும் வராண்டா ஆகிய மூன்றையும் முடித்துவிடலாம். குழந்தைகள் அதிகம் வழுக்கி விழ வாய்ப்புள்ள இடங்கள் இவைதான்.